பேட்டரியில 12.4, ஸ்கிரீன்ல 13.2: எது பொய் சொல்லுது?

போன மாசம் இந்தப் பக்கத்துல, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியோட வோல்டேஜ ஆர்டுயினோங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வெச்சு பாத்துக்கலாம், ரெண்டே ரெண்டு ரெசிஸ்டர் போதும், பெரிய வித்தை ஒண்ணும் இல்லன்னு நாலு வரி எழுதிட்டு நான் பாட்டுக்கு அடுத்த கேள்விக்கு போயிட்டேன். அந்த நாலு வரிக்கு வந்து குவிஞ்ச கடுதாசிய பாத்தா பாதி பேரு கட்டி முடிச்சிட்டாங்க, மீதி பேரு கட்டிட்டு முழிச்சிட்டு இருக்காங்க. அதனால இந்த மாசம் முழுக்க இது ஒண்ணுதான். மிக்ஸி, மோட்டார் கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும், அடுத்த மாசம் பாக்கலாம்.

கேள்வி: அண்ணாச்சி, ரெண்டு ரெசிஸ்டர்னு சொன்னீங்க, எத்தனை கே (கிலோ ஓம்)னு சொல்லல. எங்கிட்ட கிடந்தது 10 கே மட்டும்தான், ரெண்டையும் போட்டு பாதி ஆக்கி, கோடுல (புரோகிராம்ல) ரெண்டால பெருக்கி காட்டுனேன். எப்ப பாத்தாலும் 9.99. சார்ஜ் ஏறும்போதும் 9.99, ஃபேன் ஓடும்போதும் 9.99. பேட்டரி செத்துப்போச்சா?
(வாசகர், திங்கள்நகர்)

பதில்: பேட்டரிக்கு ஒரு கேடும் இல்ல. தப்பு என்மேலதான், கே எழுதாம விட்டுட்டேன். ஆர்டுயினோ ஊனோ போர்டுல இருக்க ஏடிமெகா328பி சிப்போட அனலாக் பின்னு 0லருந்து 5 வோல்ட் வரைக்கும்தான் படிக்கும், 0 வோல்ட்டுக்கு 0, 5ஐ தொடும்போது 1023, அதுக்கு மேல நீங்க எவ்வளவு குடுத்தாலும் 1023தான், அதுக்கு மேல எண்ணத் தெரியாது. பேட்டரி 12.4 இருந்தா அதுல பாதி 6.2, பின்னு 5லயே முட்டி நின்னுரும், அத ரெண்டால பெருக்கினா வர்றதுதான் அந்த 9.99. பின்னுக்குள்ள ஒரு பாதுகாப்பு டயோடு உண்டு, மிச்ச வோல்டேஜ அதுதான் முழுங்கிட்டு கிடந்துருக்கு. மேல இருந்த 10 கே கரண்ட மட்டுப்படுத்துனதால சிப்பு பொழச்சுது. வயர நேரா பின்னுல குத்தியிருந்தா இந்நேரம் புது போர்டு வாங்க போயிருப்பீங்க.

இப்ப கணக்கு. மேல 33 கே, கீழ 10 கே. பேட்டரி பாசிட்டிவ்லருந்து 33, அதோட மறுமுனையில 10, பத்தோட கடைசி முனை நெகட்டிவ்ல. ரெண்டும் சேர்ற இடத்துலருந்து ஒரு வயர் ஏ0 பின்னுக்கு. வோல்டேஜ் ரெண்டு ரெசிஸ்டருக்கும் நடுவுல பங்கு பிரியும், பெருசுக்கு பெரிய பங்கு, சிறுசுக்கு சின்ன பங்கு, அதனால இந்த ஜோடிக்கு டிவைடர்னு பேரு. மொத்தம் 43 பங்குல நமக்கு வர்றது 10, அதாவது பேட்டரி வோல்டேஜ 4.3ஆல வகுத்தது. 12.6 இருந்தா பின்னுல 2.93 வரும், ஆர்டுயினோ அத 600ன்னு படிக்கும். திருப்பி வோல்ட் ஆக்கணும்னா அந்த 600ஐ 21.5ஆல பெருக்கி 1024ஆல வகுக்கணும், சரியா 12.6 வந்து நிக்கும். 21.5 எங்கருந்து வந்துதுன்னா 5 பெருக்கல் 4.3, இந்த ஜோடி தாங்குற உச்சம் அதுதான். ஒரு எண்ணு கூடுனா 21 மில்லிவோல்ட் கூடுதுன்னு அர்த்தம், வீட்டு வேலைக்கு இது தாராளம்.

சில பேரு 12 வோல்ட் பேட்டரிதானேன்னு 12க்கு மட்டும் கணக்கு போட்டு ரெசிஸ்டர் போடுதாங்க. 12ங்கிறது கூப்பிடுற பேரு மட்டும்தான், சார்ஜ் ஏறும்போது 14.4 வரைக்கும் போவும், அதுக்கு மேலயும் கொஞ்சம் இடம் விட்டு வைங்க.

இன்னொண்ணு, இது நான் சொல்லாமலே தெரியும்னு நினைச்சது, ஆனா மூணு கடுதாசியில இதுதான் கோளாறு: பேட்டரி நெகட்டிவும் ஆர்டுயினோ கிரவுண்டும் ஒண்ணா சேரணும். சேரலேன்னா ஸ்கிரீன்ல நம்பர் பேய் பிடிச்ச மாதிரி ஆடும்.

கேள்வி: நீங்க சொன்ன மாதிரியே 33ம் 10ம்தான் போட்டிருக்கேன். லேப்டாப்ல குத்தி பாத்தா 13.2 காட்டுது. அதே போர்ட போன் சார்ஜர்ல குத்தினா 12.3. மல்டிமீட்டர்ல 12.4. பேட்டரி ஒண்ணு, ரெசிஸ்டர் ஒண்ணு, கோடு ஒண்ணு, விடை மட்டும் மூணு. கூடவே கடைசி நம்பர் நிக்காம துள்ளுது. ரெசிஸ்டர மாத்தி பாத்தேன், போர்டையே மாத்தி பாத்தேன், ஒண்ணும் சரியாவல.
(வாசகர், தக்கலை)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்த மாசம் முழு பக்கத்தையும் கேட்டு வாங்குனேன். உங்க ரெசிஸ்டர் சரி, கோடு சரி, பேட்டரியும் சரி. பொய் சொல்றது அந்த 5 வோல்ட்.

கோடுல நீங்க 5ன்னு எழுதி வெச்சிருக்கீங்க, ஆனா போர்டுல நெசமாவே 5 இருக்கான்னு யாரு பாத்தா? ஆர்டுயினோவுக்கு வோல்ட்டுன்னா என்னன்னே தெரியாது. தனக்கு வர்ற சப்ளைய 1024 கூறா போட்டு, பின்னுல இருக்கறது அதுல எத்தனை கூறுன்னு மட்டும்தான் சொல்லும். சப்ளை கொறைஞ்சா கூறும் சின்னதாவும், அப்ப அதே பேட்டரி அதிக கூறு இருக்க மாதிரி தெரியும். தையக்கடையில டேப்பு சுருங்கிப்போச்சுன்னு வைங்க, அத வெச்சு அளந்தா துணி நீளமாத்தான் தெரியும், துணிய கொற சொல்லி என்ன பிரயோசனம்.

உங்க நம்பரையே போட்டு பாக்கலாம். 12.4ஐ 4.3ஆல வகுத்தா பின்னுல 2.88. லேப்டாப்ல இருந்து வர்ற யுஎஸ்பி, நீளமான சன்ன கேபிள் வழியா வந்து போர்டுல சேரும்போது 4.7தான் இருந்துருக்கும். 2.88ங்கிறது 4.7ல 628 கூறு. கோடு அத 5 வோல்ட்டோட கூறுன்னு நினைச்சு பெருக்குது, 13.2 வருது. சார்ஜர்ல 5.04 இருந்தா அதே கணக்கு 12.3ல வந்து நிக்கும். மீட்டர எடுத்து போர்டுல 5வின்னு எழுதியிருக்க பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வெச்சு பாருங்க, நான் சொன்ன நம்பர் அப்படியே இல்லேன்னாலும் பக்கத்துல வரும். இத படிச்சிட்டு நேரா ரெசிஸ்டர் டப்பாவ தேடாதீங்க, முதல்ல அந்த 5வி பின்ன பாருங்க.

இதுக்கு சோம்பேறி வழி ஒண்ணு இருக்கு, அந்த 5வி பின்னுல மீட்டர் காட்டுற நம்பர கோடுல 5க்கு பதிலா போட்டுட்டு போயிரலாம். ஆனா நாளைக்கு வேற கேபிள் போட்டா, வேற சார்ஜர் போட்டா மறுபடி பழைய கதைதான்.

ஒழுங்கான வழி, சிப்புக்குள்ளேயே இருக்க 1.1 வோல்ட் அளவுகோல பயன்படுத்துறது. அனலாக் ரெஃபரென்ஸ் இன்டர்னல்னு செட்டப்புல ஒரு வரி எழுதினா போதும். யுஎஸ்பி 4.7 ஆனாலும் 5.2 ஆனாலும் அது அசையாது. ஆனா இப்ப பின்னுக்கு 1.1க்கு மேல போவக்கூடாது, அதனால ரெசிஸ்டர் மாறணும்: மேல 150 கே, கீழ 10 கே. பேட்டரி வோல்டேஜ் 16ஆல வகுபடும், 17.6 வோல்ட் வரைக்கும் தாங்கும், ஒரு எண்ணுக்கு 17 மில்லிவோல்ட், முன்னத விட கொஞ்சம் நல்லாவே இருக்கு. பேட்டரிலருந்து இது இழுக்குறது 100 மைக்ரோ ஆம்பியர்கூட இல்ல.

இதுலயும் ஒரு குண்டு இருக்கு. 1.1ன்னு சொல்லுதாங்களே தவிர ஒவ்வொரு சிப்புலயும் அது 1.0லருந்து 1.2க்குள்ள எங்க வேணாலும் இருக்கும்னு கம்பெனி டேட்டாஷீட்லேயே போட்டிருக்கு. அசையாது, ஆனா எங்க நிக்குதுன்னு சொல்ல முடியாது. அதனால ஒரே ஒரு தடவ மீட்டரோட ஒத்துப் பாக்கணும். பேட்டரி டெர்மினல்ல மீட்டர் 12.40 காட்டும்போது ஆர்டுயினோ 735ன்னு படிச்சுதுன்னு வைங்க, 12.40ஐ 735ஆல வகுத்தா 0.01687. இனி அந்த போர்டுக்கு அதுதான் நம்பர், படிச்சத இதால பெருக்கினா வோல்ட். ரெசிஸ்டர் 5 சதவீதம் முன்னபின்ன இருந்தாலும் சரி, 1.1 நெசத்துல 1.08ஆ இருந்தாலும் சரி, எல்லா கோணலும் இந்த ஒரு நம்பருக்குள்ள அடங்கிப் போயிரும். போர்ட மாத்தினா நம்பரையும் மாத்தணும், அத மறந்துட்டு மறுபடி கடுதாசி போடக்கூடாது. இன்டர்னல்னு வெச்சிட்டு ஏரெஃப்னு இருக்க பின்னுல வெளியிலருந்து எந்த வோல்டேஜும் குடுத்துராதீங்க, சிப்பு போயிரும். ஆன் பண்ண உடனே வர்ற முதல் நாலஞ்சு ரீடிங்க குப்பையில போடுங்க, அளவுகோல் ஒரு நிலைக்கு வர கொஞ்சம் நேரம் எடுக்கும்.

கடைசி நம்பர் துள்ளுறதுக்கு காரணம் வேற. கரண்டு இருக்கும்போது இன்வெர்ட்டர் பேட்டரிய சார்ஜ் பண்ணிட்டு இருக்கும்லா, அந்த சார்ஜ் நேர்கோடு மாதிரி போவாது, நம்ம 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ் ரெட்டிஃபை ஆவும்போது வினாடிக்கு 100 தடவ ஏறி எறங்கும். நீங்க எந்த நேரத்துல படிக்குதீங்களோ அது மேட்டுலயும் இருக்கலாம், பள்ளத்துலயும் இருக்கலாம். ஒரு தடவ படிக்க ஊனோவுக்கு 0.1 மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல ஆவும், 200 தடவ படிச்சு கூட்டி 200ஆல வகுத்தா சுமாரா 20 மில்லிசெகண்டு, ஒரு முழு சுத்து அதுக்குள்ள வந்துரும், மேடும் பள்ளமும் சமன் ஆயிரும். பத்து ரீடிங் எடுத்து சராசரி போட்டேன் அப்பவும் ஆடுதுன்னு எழுதின மார்த்தாண்டம் வாசகருக்கும் இதுதான் பதில்.

கேள்வி: அண்ணே, அப்பாவுக்கு வள்ளம். அதுல லைட்டு, ஜிபிஎஸ், எக்கோ (ஆழம் பாக்குற கருவி) எல்லாம் ஒரு 12 வோல்ட் பேட்டரியிலதான். நான் டிவைடர் போட்டு ஒரு டிஸ்பிளே கட்டிக் குடுத்தேன். சாயங்காலம் எறங்கும்போது 12.9 காட்டும், ஃபுல்லுன்னு சொல்லி அனுப்பினேன். நடுராத்திரியில லைட் மங்கிப்போச்சு. இப்ப அப்பா என் மெஷின கழட்டி மூலையில போட்டுட்டாங்க.
(வாசகர், குளச்சல் பக்கம்)

பதில்: தம்பி, அப்பா கோவப்பட்டதுல ஞாயம் இருக்கு, ஆனா மெஷின்மேல தப்பு இல்ல, அது காட்டுனது நெசம்தான். நீங்க அதுக்கு குடுத்த அர்த்தம்தான் தப்பு.

சார்ஜர்லருந்து எடுத்த உடனே லெட் ஆசிட் பேட்டரி கொஞ்ச நேரம் ஜம்பம் அடிக்கும், 12.9, 13ன்னு காட்டும். சும்மா விட்டா மணிக்கணக்கா அப்படியே நிக்கும். அஞ்சாறு நிமிஷம் லைட்ட போட்டு எரிய விட்டு அணைச்சிட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு பாத்தீங்கன்னா அசல் நம்பர் தெரியும். 12.6, 12.7 நின்னா நிறைஞ்சிருக்கு. 12.2ன்னா பாதி. 11.8க்கு வந்தா காலின்னே வைங்க, அதுக்கு கீழ இழுத்தா பேட்டரிக்குத்தான் கேடு. பாருங்க, நிறைஞ்சதுக்கும் காலிக்கும் நடுவுல இருக்கறதே ஒரு வோல்ட்டுக்கும் கம்மி, இதுலதான் தக்கலைக்காரருக்கு வந்த மாதிரி 0.8 வோல்ட் தப்பு வந்துதுன்னா செத்த பேட்டரியே ஃபுல்லுன்னு காட்டிரும்.

அதுமட்டும் இல்ல. கொடத்துல தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்குதா இல்லியாங்கிறத மட்டும்தான் வோல்டேஜ் சொல்லும், கொடம் எவ்வளவு பெருசுன்னு சொல்லாது. ரெண்டு மூணு வருசம் கடல்ல ஓடுன பேட்டரி, தட்டுல சல்பேட் படிஞ்சு, பாதி கொடம் மண்ணு நெரம்புன மாதிரி கிடக்கும், விளிம்பு வரைக்கும் தண்ணி இருக்கும், நாலு செம்பு மோந்தா தீந்துபோவும். இத கண்டுபிடிக்க உங்க மெஷின்லயே வழி இருக்கு: லைட்டெல்லாம் போட்டதும் நம்பர் எவ்வளவு எறங்குதுன்னு பாருங்க, கரையில வெச்சே பாக்கலாம். புது பேட்டரி கொஞ்சம் எறங்கி அப்படியே நிக்கும். பழசு பொத்துன்னு விழுந்து நிமிஷத்துக்கு நிமிஷம் எறங்கிட்டே போவும். அப்பாவுக்கு அந்த நம்பர காட்டுங்க.

வயர் எங்கருந்து எடுத்தீங்கன்னு எழுதல. லைட்டுக்கு போற வயர்லயே டிவைடரையும் கோத்திருந்தா அதுவும் தப்பு. 1 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் ஒரு மீட்டருக்கு 17 மில்லி ஓம் சுமாரா இருக்கும். பேட்டரிலருந்து லைட் வரைக்கும் 5 மீட்டர்னா போயிட்டு வர 10 மீட்டர், 0.17 ஓம். 5 ஆம்பியர் ஓடினா வயர்லயே 0.85 வோல்ட் காணாம போயிரும், பேட்டரியில 12.4 இருக்கும்போது லைட்டுகிட்ட 11.5தான். டிவைடருக்கு தனியா ரெண்டு சன்ன வயர் நேரா பேட்டரி டெர்மினல்லருந்தே வரணும், பாசிட்டிவ்ல டெர்மினலுக்கு பக்கத்துலயே ஒரு சின்ன ஃபியூஸ், அதுல ஓடப்போறது ஒரு மில்லி ஆம்பியருக்கும் கம்மிதான், ஆனா வயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆச்சுன்னா வள்ளத்துல தீ புடிக்கிறது வெளையாட்டு இல்ல.

அப்புறம் உப்புக்காத்து. டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா வெந்நி ஊத்தி தேய்ச்சு கழுவி, காஞ்சப்புறம் கிரீஸ் தடவுங்க. போர்டுக்கும் அதே உப்பு எதிரிதான். கரண்ட் மிச்சம் பிடிக்கலாம்னு 1 மெக், 330 கேன்னு பெரிய ரெசிஸ்டர் போடுறவங்க உண்டு, உள்நாட்டுல அது பரவால்ல, கடப்புறத்துல போர்டுமேல படியுற உப்பு ஈரமே ஒரு ரெசிஸ்டர் மாதிரி வேல செய்ய ஆரம்பிச்சுரும், பகல்ல ஒரு நம்பரும் விடியக்கால ஈரத்துல வேற நம்பரும் காட்டும். 33, 10லயே இருங்க. சால்டர் பண்ணி முடிச்சதும் போர்டுமேல வார்னிஷ் ஒரு கை அடிச்சு விடுங்க. நான் அவசரத்துக்கு வீட்டுல இருந்த கலரில்லாத நகப்பூச்ச தடவியிருக்கேன், ரெண்டு மழைக்காலம் தாண்டிட்டு, இன்னும் ஓடுது, நகப்பூச்சு குப்பி எங்கன்னு வீட்டுல இன்னும் தேடிட்டு இருக்காங்க.

கேள்வி: சார், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். இஎஸ்பி32ல (வைஃபை உள்ள போர்டு) ஒரு 18650 லித்தியம் செல்லோட வோல்டேஜ் பாக்கணும். 100 கே, 100 கே போட்டு ஜிபிஐஓ 26 பின்னுல குடுத்தேன். வைஃபை இல்லாம ஓரளவு காட்டுச்சு, வைஃபை ஆன் பண்ணதும் கண்டபடி வருது. வைஃபை இல்லாதப்பவும் மீட்டர்ல 3.9 இருந்தா இங்க 3.6 மாதிரிதான். ரிவ்யூவுக்கு பத்து நாளுதான் இருக்கு.
(மாணவி, நாகர்கோவில்)

பதில்: மக்ளே, பத்து நாளு எதுக்கு, ஒரு சாயங்காலம் போதும். இஎஸ்பி32ல ஏடிசி, அதாவது வோல்டேஜ எண்ணா மாத்துற பகுதி, ரெண்டு உண்டு, ரெண்டாவது ஏடிசிய வைஃபை தனக்குன்னு எடுத்துக்கும், 26 அந்த ரெண்டாவதுலதான் இருக்கு. வயர கழட்டி 32லருந்து 39க்குள்ள இருக்க ஒரு பின்னுக்கு மாத்துங்க, 34 நல்ல பின்னு, பாதி சண்டை அங்கேயே முடிஞ்சுரும்.

மீதி பாதி, நீங்க 3.3ஆல பெருக்கி 4095ஆல வகுத்திருப்பீங்க. இந்த சிப்பு அப்படி நேர்கோட்டுல படிக்காது, கீழயும் மேலயும் வளைஞ்சு போவும், 2.45 வோல்ட்டுக்கு மேல நம்பவே கூடாது. நல்லவேளையா 4.2ல பாதி 2.1, நீங்க நல்ல எடத்துலதான் இருக்கீங்க. அனலாக் ரீட் மில்லிவோல்ட்ஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஃபேக்டரியில ஒவ்வொரு சிப்புக்கும் அளந்து உள்ள எழுதி வெச்ச திருத்தத்த எடுத்து அதுவே கணக்கு போட்டு மில்லிவோல்ட்டா குடுத்துரும், ரெண்டால பெருக்கினா செல்லு வோல்டேஜ்.

அப்புறம் 34க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 100 நானோ செராமிக் கெப்பாசிட்டர், கடையில 104ன்னு கேட்டா குடுப்பாங்க. ஏன்னா ஏடிசிக்குள்ள ஒரு குட்டி கெப்பாசிட்டர் இருக்கு, ஊனோல அது வெறும் 14 பிக்கோ. ஒவ்வொரு தடவ படிக்கும்போதும் அது பின்னுலருந்து ஒரு மடக்கு குடிச்சு தன்ன நெரப்பிக்கும். 100 கே வழியா வர்ற தண்ணி சொட்டு சொட்டாத்தான் வரும், அது நெரம்புறதுக்குள்ள அளந்துட்டா கம்மியாத்தான் காட்டும். 104 போட்டா பின்னுகிட்டயே ஒரு தொட்டி வெச்ச மாதிரி. ஊனோ சிப்புக்கு பின்னுக்கு முன்னால இருக்க ரெசிஸ்டன்ஸ் 10 கேக்குள்ள இருக்கணும்னு டேட்டாஷீட் சொல்லுது. தக்கலைக்காரருக்கு நான் 150ம் 10ம் சொன்னேன்லா, அது ரெண்டும் பக்கம் பக்கமா சேந்தா 9.4 கே, தெரிஞ்சுதான் சொன்னேன்.

ரெண்டு 100 கே செல்லுலருந்து இழுக்குறது 21 மைக்ரோ, மாசத்துக்கு 15 மில்லி ஆம்பியர் அவர். ரிவ்யூல அத பத்தி கேட்டா பயப்படாதீங்க, போர்டுல சும்மா எரிஞ்சிட்டு இருக்க அந்த செவப்பு எல்இடி அதவிட அதிகமா குடிக்கும்னு சொல்லுங்க.

கேள்வி: ரப்பருக்கு நடுவுல மரச்சீனி போட்டிருக்கேன், பன்னிக்கு சோலார் வேலி. பேட்டரிய போன வருசம் லித்தியம் பாஸ்பேட்டா மாத்துனேன். வோல்டேஜ வெச்சு எத்தனை சதவீதம் சார்ஜ்னு மொபைல்ல காட்டணும். சார்ஜ் கண்ட்ரோலர்ல லோடுன்னு இருக்க எடத்துலருந்துதான் டிவைடருக்கு வயர் எடுத்தேன்.
(விவசாயி, குலசேகரம்)

பதில்: சதவீதத்த மறந்துருங்க. லித்தியம் பாஸ்பேட் பேட்டரி முக்கால்வாசி காலி ஆகுற வரைக்கும் 13 வோல்ட்ட ஒட்டியே நிக்கும், கடைசியில திடீர்னு குப்புற விழும். அதுல வோல்டேஜ வெச்சு 70 சதவீதம், 50 சதவீதம்னு காட்டுற ஆப்பு எல்லாம் கிளி ஜோசியம். போறது வர்றது எவ்வளவுன்னு கரண்ட எண்ணணும், ஐஎன்ஏ226 மாதிரி கரண்ட் அளக்குற ஒரு குட்டி போர்டும் ஷன்ட்டும் (கரண்ட் போற வழியில வைக்கிற சின்ன ரெசிஸ்டர்) போட்டா வோல்டேஜையும் அதுவே படிச்சு குடுத்துரும், டிவைடரே வேண்டாம். டிவைடர வெச்சு ஒரே ஒரு வேல பண்ணலாம், 12.5க்கு கீழ போனா மெசேஜ் அனுப்பச் சொல்லலாம்.

வயர லோடுலருந்து எடுத்தது பெரிய தப்பு. விலை கம்மி கண்ட்ரோலர் பலதுல பாசிட்டிவ்தான் பொது, லோடு நெகட்டிவ உள்ள மாஸ்ஃபெட்டுன்னு ஒரு எலெக்ட்ரானிக் சுவிட்ச் வெட்டி விடும். அது வெட்டுன நேரத்துல உங்க கிரவுண்டு கிரவுண்டே இல்ல. பேட்டரி டெர்மினல்லருந்தே எடுங்க. வேலி மெஷின்லருந்து போர்ட ஒரு கை தூரமாச்சும் தள்ளி வைங்க, அதோட அடி ஆயிரக்கணக்கான வோல்ட்டு. ஐப்பசி சாயங்கால இடி மின்னலுக்கு கம்பிய கழட்டி விடுற பழக்கம் இருக்கும்னு நினைக்கேன், அப்ப இதையும் சேத்து கழட்டிருங்க.

கேள்வி: 48 வோல்ட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிக்கும் இதே முறை செல்லுமா?
(வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: செல்லும். 13 செல்லு வரிசையா இருக்க பேட்டரின்னா ஃபுல் சார்ஜ்ல 54.6 வரும். மேல 120 கே, கீழ 10 கே போட்டா 13ஆல வகுபடும், பின்னுல 4.2 வரும், 65 வோல்ட் வரைக்கும் இடம். இது 5 வோல்ட் அளவுகோலுக்கான கணக்கு, அதனால தக்கலைக்காரருக்கு சொன்ன 5வி பின்னு சோதனைய இங்கயும் பண்ணணும். பிரெட்போர்டுல ஓட்டாதீங்க, ஸ்கூட்டர் குலுக்கல்ல கீழ இருக்க 10 கே கழண்டுதுன்னா 54ம் பங்கு பிரியாம பின்ன பாத்து வரும். சால்டர் பண்ணுங்க. வெறுங்கையோட, மோதிரம் வளையம் போட்டுட்டு அந்த டெர்மினல்ல கை வைக்காதீங்க.

கேள்வி: நான் ரிட்டையர்டு ஆளு, பேரனுக்கு பொழுதுபோக்கா சொல்லிக் குடுக்கேன். டிஜிட்டல் மீட்டர்ல பேட்டரி 13.1 காட்டுது, எங்கிட்ட இருக்க பழைய முள்ளு மீட்டர்ல 12.5. ஆர்டுயினோ 12.5. டிவைடர் நடுவுல முள்ளு மீட்டர வெச்சா 2.8 காட்டுது, கணக்குப்படி 2.9 வரணும். முள்ளு மீட்டர தூக்கி போடச் சொல்லுதான் பேரன்.
(வாசகர், பத்மநாபபுரம்)

பதில்: ஐயா, தூக்கி போடாதீங்க, பேரன்கிட்ட அந்த டிஜிட்டல் மீட்டரோட பின்பக்கத்த கழட்டி 9 வோல்ட் பேட்டரிய மாத்தச் சொல்லுங்க. விலை கம்மி டிஜிட்டல் மீட்டர்ல உள்ள பேட்டரி எறங்கினா அதோட அளவுகோலும் எறங்கும், அப்ப எல்லாத்தையும் கூட்டி காட்டும், தக்கலைக்காரரோட லேப்டாப் கதைதான் இது. நானே இப்படி ஒரு வாரம் நல்ல பேட்டரிய ஓவர்சார்ஜ் ஆவுதுன்னு நினைச்சு இன்வெர்ட்டர் பெட்டிய தொறந்து தொறந்து பாத்துட்டு இருந்திருக்கேன். ஸ்கிரீன் ஓரத்துல குட்டியா ஒரு பேட்டரி படம் வந்துட்டு இருந்துச்சு, கண்ணாடி போடாம பாத்ததுல தெரியல.

உங்க முள்ளு மீட்டருக்கு வோல்டேஜ் பாக்க உள்ள பேட்டரியே வேண்டாம், அளக்குற எடத்துலருந்து வர்ற கரண்ட்லதான் முள்ளு நகரும். அதுதான் அதோட பலம், குறையும் அதேதான். ஓம் பாக்கும்போது மட்டும்தான் அதுக்கு உள்ள பேட்டரி தேவை. பெரும்பாலான முள்ளு மீட்டர்ல வோல்ட்டுக்கு 20 கேன்னு மூலையில எழுதியிருக்கும், 10 வோல்ட் ரேஞ்சுல வெச்சா மீட்டரே ஒரு 200 கே ரெசிஸ்டர். டிவைடர் நடுவுல அத வெச்சா கீழ இருக்க 10 கேக்கு பக்கத்துல இன்னொரு 200 கே கூட சேந்த மாதிரி, 2.9 எறங்கி 2.8 ஆயிரும். பேரன் அப்ப ஸ்கிரீன பாத்திருந்தா ஆர்டுயினோவும் 12.0க்கு எறங்கியிருக்கும், மீட்டர எடுத்ததும் பழையபடி ஏறியிருக்கும், இத ரெண்டு பேரும் சேந்து ஒரு தடவ செஞ்சு பாருங்க, பாடப்புத்தகத்துல பத்து பக்கம் படிக்கறதுக்கு சமம்.

அதனால முள்ளு மீட்டர நடுவுல வைக்காதீங்க, பேட்டரி டெர்மினல்லயே வைங்க, 50 வோல்ட் ரேஞ்சு. அளவுத்தட்டுல முள்ளுக்கு கீழ ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும்லா, முள்ளும் கண்ணாடியில தெரியுற அதோட நிழலும் ஒண்ணு மேல ஒண்ணா மறையுற மாதிரி ஒத்தக்கண்ண மூடிட்டு நேரா மேலருந்து பாக்கணும். அந்த நம்பர பேரன் எழுதிக்கட்டும், ஆர்டுயினோல அந்த நேரம் என்ன எண்ணுன்னு நீங்க எழுதிக்குங்க.